மலைப் பள்ளிக்கு ஆசிரியையாகப் போயிருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அன்றைக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் போய்விட்டது. ஜவ்வாது மலையில் சிக்னல் எப்போது வரும், எப்போது போகும் என்பது அந்த முருகனுக்கே வெளிச்சம். அதனால்தான் நிதானமாக எழுதுகிறேன்.

வகுப்பில் போனை எடுக்கலாமா, ஹெச்.எம். ஏதும் சொல்வாரா என்று கேட்டாய். தாராளமாக எடு. ஆனால் படம் காட்டுவதற்காக எடுப்பதைக் கடைசியில் வைத்துக்கொள். செரிமான மண்டலம் பற்றி எட்டு நிமிட வீடியோ போட்டால் வகுப்பு கப்சிப் என்று இருக்கும். அதைப் பார்த்துப் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது என்று எண்ணிவிடாதே. போட்டே ஆக வேண்டுமென்றால் பாதியில் நிறுத்து. "அடுத்து இந்தச் சோறு எங்கே போகும்?" என்று கேள். நாலு பேர் நாலு விதமாகச் சொல்லட்டும், அப்புறம் ஓடவிடு. பாடப்புத்தகத்தில் 2018 முதல் க்யூஆர் கோடு வருகிறதே, அதில் உள்ளவற்றை ஜமுனாமரத்தூர் பக்கம் வரும்போது திக்‌ஷா செயலியில் இறக்கி வைத்துக்கொள். வகுப்பில் நின்றபடி நெட்டுக்குக் காத்திருந்தால் பாதிப் பேர் பெஞ்சுக்கு அடியில் இருப்பார்கள்.

போனுக்குக் காது இருக்கிறது, கண் இருக்கிறது, அசைவை உணரும் கருவி இருக்கிறது. அறிவியல் ஆசிரியை நீ, அதைக் கருவியாகப் பயன்படுத்து. எட்டாம் வகுப்பில் ஒலியியல் பாடம் வருகிறது அல்லவா? ஜெர்மனியில் ஆகன் நகரத்துப் பல்கலைக்கழகத்தார் ஃபைஃபாக்ஸ் என்று ஒரு செயலியை இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் வேண்டாம். அதில் சத்தத்தைக் கேட்டு ஓடத் தொடங்கி, அடுத்த சத்தத்தில் நிற்கும் ஸ்டாப்வாட்ச் ஒன்று உண்டு. உன் போன் ஒன்று, பக்கத்து வகுப்பு டீச்சரிடம் கடன் வாங்கியது ஒன்று. இரண்டையும் ஐந்து மீட்டர் தள்ளி வை. ஒவ்வொரு போனுக்குப் பக்கத்திலும் ஒரு பிள்ளை நிற்கட்டும். முதல் பிள்ளை கை தட்டினால் அந்தப் போன் உடனே ஓடத் தொடங்கும். மற்றது சத்தம் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஓடும். பிறகு இரண்டாவது பிள்ளை தட்டினால் அந்தப் போன் முதலில் நிற்கும், முதல் போன் கொஞ்சம் தாமதமாக நிற்கும். இரண்டு போனும் காட்டும் நேரத்தைக் கழித்துப் பார். ஏறக்குறைய 0.029 விநாடி வரும். சத்தம் போக ஐந்து, வர ஐந்து, ஆக பத்து மீட்டர். வகுத்தால் விநாடிக்கு 340 மீட்டருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். புத்தகத்தில் அச்சடித்த எண் தங்கள் கைதட்டலில் இருந்தே வருவதைப் பார்க்கும்போது அந்தப் பிள்ளைகள் முகத்தை நீ பார்க்க வேண்டும். காற்று அடிக்கும் நேரத்தில் மைதானத்தில் செய்யாதே, மைக்கில் இரைச்சல் விழுந்து ஸ்டாப்வாட்ச் தானாக ஓடிவிடும்.

வாசிப்பும் அப்படித்தான். ஆறாம் வகுப்பில் இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னாய். ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு ஒரு நிமிடம் படிக்கச் சொல்லிப் பதிவு செய். அதை அவனுக்கு மட்டும் போட்டுக் காட்டு. எந்த இடத்தில் தடுக்கினோம் என்பதை அவனே கண்டுபிடிப்பான். மாதம் கழித்து அதே பத்தியை மறுபடி பதிவு செய்து இரண்டையும் அடுத்தடுத்துப் போடு. மதிப்பெண் பட்டியல் சொல்லாததை அது சொல்லிவிடும்.

கேள்வி கேட்டால் முன் வரிசை மட்டுமே கை தூக்கும், உனக்குத் தெரியாததா? எல்லாரையும் விடையைத் துண்டுத்தாளில் பெரிதாக எழுதிப் பிடிக்கச் சொல். ஒரே ஒரு போட்டோ எடு. சாயங்காலம் டீ குடிக்கும்போது பெரிதாக்கிப் பார்த்தால் யாருக்கு எது புரியவில்லை என்று தெரிந்துவிடும். பார்த்ததும் அழித்துவிடு. பிள்ளைகள் முகத்தை ஸ்டேட்டஸில் போடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். இப்போது சில டீச்சர்கள் பாடம் நடத்துவதே அதற்காகத்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

காவலூர் வானாய்வகம் உங்கள் மலையில்தானே இருக்கிறது? 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது, 1986இல் வானியல் அறிஞர் வைனு பாப்பு பெயரை அதற்கு வைத்தார்கள். அந்த வெள்ளைக் குவிமாடத்தைப் பார்த்த பிள்ளை உன் வகுப்பிலேயே இருக்கலாம். ஸ்டெல்லேரியம் செயலியில் பகல் வெளிச்சத்தை அணைத்துவிட்டு, மதியம் பன்னிரண்டு மணிக்குத் தலைக்கு மேல் எந்த நட்சத்திரம் நிற்கிறது என்று காட்டு. சரி, இது படம் காட்டுவதுதான். கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவதால் விதிவிலக்கு.

வீட்டுப்பாடத்தை மட்டும் போனில் கொடுக்காதே. 2020இல் பள்ளியை மூடியபோது நாங்கள் பார்த்தோமே. வீட்டுக்கு ஒரு போன்தான், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ராத்திரி திரும்பி வந்தால் அண்ணன் கையில் இருக்கும், தங்கச்சிக்குக் கிடைக்காது. ஒன்று முதல் எட்டு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அதுவரை கல்வித் தொலைக்காட்சியைத்தான் நம்பியிருந்தன பல வீடுகள். டிவியும் இல்லாத வீடும் இருந்தது. உன் மலையில் நிலைமை எப்படி என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்.

பெற்றோர் முணுமுணுத்தால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்த வாசிப்புப் பதிவுகளைப் போட்டுக் காட்டு, பிள்ளைகள் சரி என்றால் மட்டும். வகுப்புக்குள் நுழையும் முன் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடு, நடுவில் நானே கூப்பிட்டுத் தொலைப்பேன்.

அந்த ஒலி வேகக் கணக்கைச் செய்து பார்த்தாயா என்று எழுது. வெப்பநிலை குறைந்தால் வேகமும் குறையும் என்பதால், மார்கழிக் காலையில் மலையில் 340க்குக் கீழேதான் வரும் என்கிறார் அப்பா. ஐந்து மீட்டரில் அவ்வளவு துல்லியமாகத் தெரியாது, இருபது மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும் என்கிறேன் நான். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை அளந்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா