ஆடுகிறவர்களின் சம்பளத்துக்கு இன்னும் ₹1,46,500 தேவை

அன்புடையீர், வணக்கம்.

கடலில் விரித்த கரைவலையைக் கரையில் நின்று இழுக்கும் மீனவர்களின் உடலசைவிலிருந்து உருவான எங்கள் புதிய நடனப் படைப்பு ஜனவரி 10-ஆம் தேதி சென்னை பெசன்ட் நகரில் மேடையேறுகிறது. அரங்க வாடகை கட்டியாகிவிட்டது. விளக்குகளுக்கும் முன்பணம் கொடுத்தாகிவிட்டது. ஆடப்போகும் ஆறு பேருக்குக் கொடுக்கத்தான் பணம் போதவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழன் கோயிலில் ஆடும் பெண்களான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் குடியமர்த்தி, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் கொடுத்ததைக் கல்லில் வெட்டிவைத்தான். ஒவ்வொருவரின் பெயரும் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பதும் இன்றும் அங்கே படிக்கக் கிடைக்கின்றன. அந்த நெல்லை அளந்த மரக்காலுக்கு ‘ஆடவல்லான்’ என்று பெயர். கூத்தப் பெருமானின் பெயர் தாங்கிய மரக்காலால் ஆடுகிறவர்களுக்குப் படி அளந்த மண் இது! நம் காலத்திலும், இதே பெசன்ட் நகரின் எல்லியட்ஸ் கடற்கரையோரம் வாழ்ந்த நடனக் கலைஞர் சந்திரலேகா 1985-இல் ‘அங்கிகா’ என்ற நடனத்தைப் படைத்து, பரதத்தோடு கேரளத்துப் போர்க்கலையான களரிப்பயிற்றை ஒரே மேடையில் நிறுத்தினார். புதுமைக்கு இந்தக் கரை புதிதல்ல.

கணக்கு இதுதான். ஆறு பேருக்கு 60 நாள் ஒத்திகை, நாளொன்றுக்கு ₹800 வீதம் ₹2,88,000. இரண்டு காட்சிகளுக்கு, காட்சிக்கு ₹5,000 வீதம் ₹60,000. பாடகி, மிருதங்கக் கலைஞர் இருவருக்கும் ₹40,000. ஆக மொத்தம் ₹3,88,000. இதுவரை சேர்ந்தது ₹2,41,500.

இரண்டாம் பகுதியில் ஒரு பெண், கயிறு இழுக்கும் சாய்வில் குதிகாலை ஊன்றி, மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பின்னோக்கியே போகிறார். பதினொரு நிமிடம். நகர்வதே தெரியாது, தொடை நடுங்குவதுதான் தெரியும். சிமெண்டுத் தரையில் பழகிப் பழகிக் குதிகால் வெடித்துவிட்டது. துணி சுற்றிக்கொண்டு ஆடுகிறார். காலையில் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, இரண்டு பஸ் மாறி வருகிறவர் அவர்.

ஏற்கெனவே கொடுத்தவர்களை நினைக்கும்போது நெஞ்சு நிறைகிறது. ஓய்வூதிய நிலுவை வந்த அன்றே ₹25,000 கொண்டுவந்து கொடுத்த பெரியவர், கோயில் வாசலில் பூக்கட்டி விற்று ₹50 தந்த அம்மா, ஒத்திகை நாள்களில் குழம்பும் சோறும் அனுப்பிய குப்பத்துக் குடும்பங்கள், எப்படி இழுக்க வேண்டும் என்று மணலில் நின்று கற்றுக்கொடுத்த மீனவ அண்ணன்மார், எல்லோருக்கும் எங்கள் வணக்கம். அவர்கள் குலம் தழைக்கட்டும்.

மற்றவர்களிடம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சென்ற ஆண்டு அரங்கம் நிறைந்தது. எழுந்து நின்று கைதட்டினோம். விளக்குகளுக்கும் ஒலிபெருக்கிக்கும் அன்றிரவே பணம் போனது. ஆடியவர்கள் நான்கு மாதம் காத்திருந்தார்கள். அந்த வெட்கத்தில் எங்கள் குழுவுக்குப் பெரும்பங்கு. இலவசச் சீட்டு வாங்கி முன்வரிசையில் அமர்ந்தவர்களுக்கும் கொஞ்சம் பங்குண்டு.

₹800 கொடுத்தால் ஒருவரின் ஒரு நாள் ஒத்திகைக் கூலி உங்களுடையது. டிசம்பர் 31-க்குள் பொருளாளரிடம் சேர்த்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். இம்முறை முதல் காட்சி முடிந்த அன்றிரவே, மேடையிலேயே வைத்து அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
விழாக் குழுவினர்