பொருள்: சோவெட்டோ சுற்றுலாவில் கிளிப்டவுன் நடைப்பயணம் விடுபட்டதற்குப் பணம் திரும்பக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

கிளையில் கேட்டால் தலைமை அலுவலகத்தைக் காட்டுகிறார்கள், அங்கே கேட்டால் ஜோகன்னஸ்பர்க் முகவரை. அவரோ மறுபடியும் கிளைக்கே அனுப்புகிறார். அலுத்துப்போய்தான் இந்தக் கடிதம்.

பயணத்திட்டம் போட்டவர்கள் நீங்கள். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள கறுப்பினக் குடியிருப்பான சோவெட்டோவில் கிளிப்டவுன் எப்படிப்பட்ட இடம் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1955-இல் நிறவெறி ஆட்சியை எதிர்த்தவர்களின் விடுதலைச் சாசனம் ஏற்கப்பட்ட வால்டர் சிசுலு சதுக்கம் தண்டவாளத்துக்கு ஒரு பக்கம். தகரக் குடிசைகள், பொதுக்குழாய், தற்காலிகக் கழிப்பறைகள் மறுபக்கம். அந்தச் சந்துகளில் பேருந்து நுழையாது, உள்ளூர் வழிகாட்டியோடு நடந்துதான் போக வேண்டும். அதற்கென்றே தனிக் கட்டணம் வாங்கினீர்கள். வண்டி சதுக்கத்தோடு திரும்பிவிட்டது, கதவைக்கூடத் திறக்கவில்லை.

மிச்சம் பிடித்த நேரம் மபோன்யா மாலில் கழிந்தது. மால் பார்க்கவா சோவெட்டோ போவார்கள்? டீப்க்லூஃப் எக்ஸ்டென்ஷனின் மதில் வைத்த பெரிய வீடுகளை ஜன்னல் வழியாகக் காட்டி "பணக்காரர் பகுதி" என்று முடித்துவிட்டார் உங்கள் வழிகாட்டி. நான்கு அறை "தீப்பெட்டி" வீட்டின் பின்முற்றத்திலேயே தகர அறை போட்டு வாடகைக்கு விடுகிறார்களே, ஒரே மனைக்குள் இருக்கும் அந்த ஏற்றத்தாழ்வு ஓடும் வண்டியிலிருந்து தெரியுமா? பழைய அனல்மின் நிலையத்தின் ஆர்லாண்டோ கோபுரங்களைக் கயிறு கட்டிக் குதிக்கும் இடம் என்று மட்டும் சொன்னார். அந்த அனல்மின் நிலையம் ஜோகன்னஸ்பர்க்குக்கு மின்சாரம் கொடுத்த காலத்தில் பக்கத்திலிருந்த சோவெட்டோ வீடுகளில் பெரும்பாலானவை இருட்டில் கிடந்தன என்பதல்லவா சொல்ல வேண்டியது?

இதையெல்லாம் விட, உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பெண்மணியின் பதில்தான் ஆறவில்லை: "ஏழைங்க வீட்டைப் பாக்கவா சார் அவ்வளவு தூரம் போனீங்க? அதான் நம்ம ஊர்லயே இருக்கே." கூடவே ஒரு சிரிப்பு. அம்மா, அதைப் படம் போட்டு விலை வைத்து விற்றது உங்கள் கம்பெனி! அந்த உரையாடலின் பதிவு உங்களிடம் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

விலகாசி தெருவில் மண்டேலா வீட்டு நுழைவுச்சீட்டு கட்டணத்தில் அடக்கம் என்றுதான் ரசீதில் இருக்கிறது. அதற்கும் வாசலில் அந்நாட்டுப் பணமான ராண்டில் வசூலித்தார்கள். லட்சக்கணக்கில் கொட்டிப் போன பயணம் முழுவதுமே வீண்.

உங்கள் மீது இன்னும் மரியாதை வைத்துத்தான் கேட்கிறேன். நடைப்பயணக் கட்டணத்தையும் நுழைவுச்சீட்டுத் தொகையையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். கிளிப்டவுன் வழிகாட்டிக்குச் சேர வேண்டிய பங்கை யார் எடுத்துக்கொண்டார்கள் என்றும் எழுத்தில் சொல்லுங்கள். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சந்திப்போம். ரசீதும் பயணத்திட்ட நகலும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்