கழுத்தில் தொங்கிய மூங்கில் குழல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானில் சாமுராய் ஆட்சி முடிந்த கதையைச் சென்ற இதழில் படித்தேன். அதில் அய்சு என்ற சிற்றரசின் பிரபு மட்சுதைரா கட்டாமோரியைப் ‘பேரரசரின் எதிரி’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டார் கட்டுரையாளர். என் மனம் ஒப்பவில்லை. அது ஷோகன் ஆட்சியைக் கவிழ்த்து 1868இல் வென்றவர்கள் அவருக்குச் சூட்டிய பெயர். நாமும் ஏன் அதையே சொல்ல வேண்டும்?

1862இல், பேரரசர் இருந்த கியோத்தோ நகரைக் காக்கும் பொறுப்பை ஏற்கச் சொல்லி, பேரரசரின் பெயரால் நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனின் அரசு அவரை வற்புறுத்தியபோது அவருக்கு வயது 26. உடம்பும் சரியில்லை. விறகைச் சுமந்துகொண்டு தீயணைக்கப் போவது போன்றது இது, வேண்டாம் என்று மூத்த அமைச்சர் சைகோ தனோமோ தடுத்துப் பார்த்தார். ஆனால் குல முதல்வர் ஹோஷினா மசயுகி 1668இல் எழுதிவைத்த கட்டளை ஒன்று இருந்தது: ஷோகனுக்கு இரண்டகம் நினைப்பவன் என் வழித்தோன்றல் அல்லன். கட்டாமோரி அய்சுவில் பிறந்தவர்கூட இல்லை. தகாசு குடும்பத்திலிருந்து தத்து வந்தவர். தத்துப்பிள்ளை என்பதாலேயே அந்தக் கட்டளையை மீற அவருக்குத் துணிவு வரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

மறு ஆண்டே அய்சுவும் சட்சுமா என்ற இன்னொரு சிற்றரசும் கைகோத்து, ஷோகனை எதிர்த்த சோஷு சிற்றரசினரைக் கியோத்தோவிலிருந்து வெளியேற்றின. மகிழ்ந்த பேரரசர் கோமேய் தம் கைப்பட ஒரு கடிதமும் இரண்டு கவிதைகளும் எழுதிக் கட்டாமோரிக்கு அனுப்பினார். அந்தப் பேரரசர் 1867இல் இறந்தார். அடுத்த ஆண்டே சட்சுமா, அதே சோஷுவோடு சேர்ந்துகொண்டு, பதினைந்து வயதுப் புதிய பேரரசரின் பெயரால் அய்சுமீது படையெடுத்தது.

கட்டாமோரியின் கீழ் இயங்கிய ஷின்செங்குமி என்ற வாள்வீரர் காவற்படை கியோத்தோ தெருக்களில் சிந்திய இரத்தத்தை நான் மறைக்கவில்லை. சோஷுவின் வஞ்சத்துக்கு அதுவும் காரணம். ஆனால் அதற்கு அய்சு கொடுத்த விலை கொஞ்சமல்ல. ஊர் எரியும் புகையைப் பார்த்துக் கோட்டையே வீழ்ந்ததென்று நம்பி, பதினாறு பதினேழு வயதுப் பையன்கள் இயிமோரி மலையில் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். கோட்டையோ அதன்பின் ஏறத்தாழ ஒரு மாதம் தாக்குப்பிடித்தது. தோல்விக்குப் பொறுப்பேற்றுப் பிரபுவுக்குப் பதிலாக உயிர்விட்டவர் அமைச்சர் கயனோ கொன்பெய். 2,30,000 கொகு விளைச்சல் கண்ட நாட்டைப் பறித்துக்கொண்டு, வடகோடியில் குளிரில் உறைந்த தொனாமியில் 30,000 கொகு என்று ஏட்டளவில் ஒதுக்கினார்கள். ஒரு கொகு என்பது ஓர் ஆள் ஓராண்டு உண்ணும் அரிசி. அங்கே போனவர்கள் பசியாலும் குளிராலும் மடிந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் கோமேயின் அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டியிருந்தால் ‘பேரரசரின் எதிரி’ என்ற பழி ஒரு நாளில் பொய்யாகியிருக்கும். அவர் காட்டவில்லை. மூங்கில் குழலில் இட்டுக் கழுத்தில் தொங்கவிட்டபடியே, நிக்கோவில் ஷோகன்களின் குலமான தொகுகவா குலக் கோயிலின் தலைமைக் குருவாக இருந்து 1893இல் கண்மூடினார். அவர் பேத்தி செட்சுகோ 1928இல் பேரரசரின் தம்பியை மணந்தபோது, தங்கள்மேல் விழுந்த வசை நீங்கியதென்று அய்சு மக்கள் கொண்டாடினார்கள்.

அவர்கள் அறுபது ஆண்டு காத்திருந்து துடைத்த வசையை நம் இதழில் மறுபடி எழுத வேண்டாம். அந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்,
திண்டுக்கல்.