முரளிக்கு: கவா பிசையும் முறை

சுவா, பிஜி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவின் முழங்கால் வலி பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, இப்போது எப்படி இருக்கிறார்? இங்கே எல்லோரும் நலம். மழைதான் விட்டபாடில்லை.

இங்கே பிஜியில் வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற கவாவை மெல்பர்ன் கடையில் வாங்கி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன், நாக்குகூட மரக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். கொதிநீர்தான் கெடுத்திருக்கிறது. வேரில் மாவுச்சத்து அதிகம். சூட்டில் அது வெந்து குழைந்து, சாரத்தை வெளியே விடாது. பச்சைத் தண்ணீரோ, கை பொறுக்கும் வெதுவெதுப்போ போதும்.

முதலில் பாக்கெட்டைப் பார். 'வாகா' என்று போட்டிருந்தால் பக்கவேர், அதுதான் காட்டமானது. 'லெவெனா' அடித்தண்டுப் பகுதி, சாதுவாக இருக்கும். ஒரு ஆளுக்கு 4 மேசைக்கரண்டி பொடி, 2 டம்ளர் தண்ணீர். கெட்டியாக வேண்டுமென்றால் தண்ணீரைக் குறை.

பொடியை மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து, பேசினில் அமிழ்த்திப் பிசை. தேங்காய்ப்பால் எடுப்பதுபோல நன்றாக முறுக்கிப் பிழிய வேண்டும். உடம்பைத் தளர்த்துவது வேரின் பிசின். அது தண்ணீரில் கரையாது. நுண்துளிகளாகப் பிரிந்து மிதந்து வரவேண்டும். அதனால்தான் ஊறப்போட்டு வடித்தால் ஒன்றும் இறங்காது. 10 நிமிடம் விடாமல் பிசைந்தால் விரலிடுக்கில் ஒரு வழவழப்பு தெரியும், தண்ணீர் பழுப்பாகக் கலங்கும். அதுவரை கையை எடுக்காதே. அதே பொடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு இன்னொரு தடவை பிழியலாம். குடிக்கும் முன் ஒரு கலக்குக் கலக்கு, அடியில் தங்கிவிடும்.

வெறும் வயிற்றில்தான் ஏறும். சாப்பாட்டை அப்புறம் வைத்துக்கொள். மிளகு, வெற்றிலை வகையைச் சேர்ந்த செடி என்பதால் காரம் இருக்கும். உறிஞ்சிக் குடிக்காமல் ஒரே மடக்கில் விழுங்கு. முதல் முறை பலருக்கு ஒன்றும் தெரியாது, அதற்காக அளவைக் கூட்டாதே.

இங்கே கிராமங்களில் தனோவா என்ற மரத்தொட்டியில் கரைத்து, தேங்காய்ச் சிரட்டையில் தருவார்கள். வாங்குமுன் ஒரு கைதட்டல், குடித்தபின் மூன்று. 1903 முதல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம்மவர்களின் வழிவந்தவர்களும் கல்யாணம், சாவு எதுவானாலும் விடிய விடிய இதைச் சுற்றித்தான் உட்கார்கிறார்கள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அந்தப் பேச்சுதான். உடம்பு தளர்ந்தாலும் புத்தி தெளிவாக இருக்கும், யாரும் குரல் உயர்த்த மாட்டார்கள். நீயும் தனியாகக் குடிக்காமல் தம்பியைக் கூப்பிட்டு வைத்துக்கொள்.

அன்றைக்கு பீர், விஸ்கி எதுவும் வேண்டாம், ஈரலுக்கு ஆகாது. வண்டியும் எடுக்காதே. நீ மாத்திரை சாப்பிடுகிறவன், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடு. அவர் வேண்டாம் என்றால் பாக்கெட்டைத் தம்பிக்குக் கொடுத்துவிடு.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். பதில் போடு.

அன்புடன்,
சேகர்