டீசல் உறைந்ததாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

தை பிறந்துவிட்டால் எல்லாப் பத்திரிகையிலும் ஒரு படம் கட்டாயம் வரும். நுவரெலியாவில் புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று துகள் உறைபனி, அதைக் கையில் அள்ளிச் சிரிக்கும் கொழும்புப் பிள்ளைகள். நல்ல படம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதே நாள் காலை ஐந்து மணிக்குக் கந்தப்பளை, இராகலை, பட்டிப்பொல பக்கம் எத்தனை டிராக்டர்கள் நான்கு தரம் முனகிவிட்டு அப்படியே அடங்கிப்போகின்றன என்பதை யாரும் படம் எடுப்பதில்லை. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், எங்கள் ஊரில் அது சிலிண்டர் பிளாக்கையே துளைக்கும்.

நான் இருபது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் கொழுந்து டிராக்டர் ஓட்டியவன். இப்போது சொந்தமாக ஒரு பழைய மெசி (மெசி பெர்குசன் டிராக்டர்) வைத்து கரட், லீக்ஸ், கோவா ஏற்றுகிறேன். வண்டி ஸ்டார்ட் ஆகாத காலையில் சுற்றி நிற்கும் நாலு பேரில் மூன்று பேர் சொல்வது ஒன்றுதான்: "டீசல் உறைஞ்சு போச்சு." இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துத்தான் இந்தக் கடிதம்.

டீசலுக்குள் மெழுகு இருப்பது உண்மை, கடும் குளிரில் அது பிரிந்து பில்டரை அடைப்பதும் உண்மை. கனடா, ரஷ்யா போன்ற நாடுகளில் அதற்காகவே குளிர்காலத்துக்குத் தனி டீசல் விற்கிறார்கள். நம் வண்டியில் நடந்தது அதுதானா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து இரவு வெளியே வையுங்கள். காலையில் முழுவதும் பால் கலந்தது போல மங்கி நின்றால் மெழுகு என்று சந்தேகப்படலாம். மேலே தெளிவாக இருந்து அடியில் உருண்டை உருண்டையாக ஏதோ நின்றால் அது தண்ணீர். நான் வைத்துப் பார்த்த ஒவ்வொரு தரமும் தண்ணீர்தான் இருந்தது.

எங்கிருந்து வந்தது தண்ணீர்? பகலில் இங்கே இருபது பாகை வெயில், விடியற்காலையில் நாலு, ஐந்து பாகை. பாதி காலியான டேங்கில் இருக்கும் காற்று இரவில் குளிர்ந்து உள்பக்கத் தகட்டில் வியர்க்கிறது, அது டீசலை விடக் கனம் என்பதால் சொட்டி அடியில் போய் நிற்கிறது. பணத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று கானில் ஐந்து லீட்டர், ஐந்து லீட்டராக ஊற்றி ஓட்டும் நம் வழக்கத்துக்கு இது கிடைக்கும் சம்பளம். மாலையிலேயே டேங்கை நிரப்பி வைத்தால் வியர்க்க இடமில்லை. பில்டருக்கு அடியில் இருக்கும் திருகைக் கிழமைக்கு ஒரு தரம் தளர்த்தி, தண்ணீர் போய்த் தெளிந்த டீசல் வரும்வரை விட்டால் பாதித் தொல்லை தீரும்.

மற்றப் பாதி பெட்டரி. டீசல் எஞ்சினில் பெட்ரோல் வண்டி மாதிரி தீப்பொறி போடும் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறில், பதினெட்டில் ஒரு பங்காக நசுக்கி, அந்தச் சூட்டில் டீசல் தானாகப் பற்ற வேண்டும் (சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுமே, அதே கதை). குளிர்ந்து கிடக்கும் இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும், எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் உறிஞ்ச இன்னும் கூடுதலாக நேரம் கிடைக்கும், அதனால் குளிரில் வேகமாகச் சுற்றுவதுதான் எல்லாம். ஆனால் பூச்சிய பாகைக்குப் பக்கத்தில் பெட்டரியின் பலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதே நேரம் ஒயில் தடித்துப் போய்ச் சுற்றுவதற்குப் பலம் கூடக் கேட்கும். சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை என்று அர்த்தம். புகையே வராவிட்டால் டீசல் போகவே இல்லை, அப்போது பில்டரைப் பாருங்கள்.

என் சொந்தக் கதையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சில வருடங்களுக்கு முன் பெட்டரி தளர்ந்துபோய், புதிது வாங்க மனமில்லாமல், வண்டியைச் சரிவில் நிறுத்திச் சில்லுக்குக் கல் வைத்து, காலையில் கல்லை எடுத்து உருட்டிக் கிளச்சை விட்டு ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தேன். மலையில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை இது. ஒரு நாள் புல் முழுக்க உறைபனி. கிளச்சை விட்டதும் எஞ்சின் சுற்றவில்லை, பின்பக்கச் சில்லு இரண்டும் பூட்டிக்கொண்டு வண்டி அப்படியே சறுக்கியது. பிரேக் மிதித்து என்ன செய்ய, ஏற்கெனவே பூட்டித்தானே இருக்கிறது! நானும் வண்டியும் பக்கத்து வீட்டு அண்ணனின் லீக்ஸ் பாத்திக்குள் போய் நின்றோம். ட்ரெய்லர் கொழுவாமல் இருந்ததால் இன்றைக்கு இதை எழுதுகிறேன். பிறகு வந்து பார்த்த மெக்கானிக் தம்பி பெட்டரித் தலையில் பூத்திருந்த பச்சைத் தூளைச் சுரண்டிக் காட்டினான், சேசியில் பூட்டிய அர்த் வயரின் துருவைக் காட்டினான், பில்டரிலிருந்து அரைக் கிளாஸ் தண்ணீரை இறக்கிக் காட்டினான். "பனிக்கு முன்னாலேயே இதுக்கு வருத்தம் இருந்திருக்கு அண்ணே" என்றான். வயரைச் சுத்தம் பண்ணிப் பூட்டியதும் அதே கிழட்டுப் பெட்டரியில் வண்டி ஸ்டார்ட் ஆனது.

இப்போது பனிக்காலத்தில் பெட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைக்கிறேன். அடுப்புப் பக்கம் கூடாது, அதிலிருந்து வரும் வாயு பற்றக்கூடியது. மனைவி திட்டுவாள், திட்டட்டும்.

சாவியை ஹீட்டர் பக்கம் திருப்பி ஒரு பதினைந்து, இருபது செக்கன் பொறுத்திருக்க முடியாதவர்கள்தான் ஈதர் ஸ்பிரே (காற்றுக் குழாயில் அடிக்கும், சட்டென்று பற்றும் வாயு) தேடுகிறார்கள். மெசி போன்ற டிராக்டர்களில் வரும் பல பழைய பெர்கின்ஸ் எஞ்சின்களில் சிலிண்டருக்குச் சிலிண்டர் ஹீட்டர் பிளக் இல்லை, காற்று உள்ளே போகும் குழாயில் ஒரே ஒரு தெர்மோஸ்டார்ட் இருக்கும், அது கொஞ்சம் டீசலை எரித்துக் காற்றைச் சூடாக்கும். அதற்குப் போகும் சின்னக் குழாய் ஒழுகுகிறது என்று யாரோ எப்போதோ அடைத்துவிட்டுப் போயிருப்பார்கள், நாம் வருடக்கணக்காகச் சாவியைத் திருப்பிக் காத்திருப்போம். ஒரு தரம் தொட்டுப் பாருங்கள், சுடுகிறதா என்று. அது வேலை செய்யும் வண்டியில் ஈதரையும் அடித்தால் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். தப்பி உள்ளே போனாலும் பிஸ்டன் மேலே வந்து சேருமுன் பற்றி ரிங்கை உடைக்கும். பெட்ரோல் நனைத்த துணியைக் காற்றுக் குழாயில் காட்டுவதும் இதே ரகம், என் இடப்பக்கப் புருவம் சாட்சி. எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் சம்புக்குக் கீழே விறகு எரிப்பவர்களை என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அவசரம் என்றால் சுடுதண்ணீரில் நனைத்த சாக்கைக் காற்றுக் குழாய் மேல் போர்த்துங்கள், போதும்.

டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் குளிருக்கு நல்லதாம் என்றும் ஒரு பேச்சு. குளிர் நாட்டுக்காரன் செய்வதைப் பார்த்து வந்தது அது. மண்ணெண்ணெயில் வழுவழுப்புக் குறைவு, டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் பம்பும் நொசிலும் டீசலின் வழுவழுப்பில்தான் தேயாமல் ஓடுகின்றன. பம்ப் ரிப்பேர் செலவு தெரிந்தவன் கலக்கமாட்டான்.

இன்னொன்று, கராஜில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. கீழ்நாட்டு வெயிலில் வண்டி சூடாகிறது என்று தொடங்கிய பழக்கம், இங்கேயும் அப்படியே செய்கிறார்கள். அது எஞ்சின் தண்ணீர் எண்பது பாகைக்கு மேல் சூடானால்தான் ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் ஒரு கதவு. அது இல்லாவிட்டால் நம் மலையில் எஞ்சின் நாள் முழுக்க ஓடினாலும் சரியாகச் சூடேறாது, எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஒயிலில் கலக்கும். ஒயில் எந்த நம்பர் என்றும் பாருங்கள்: 15டபிள்யூ-40 நம் குளிருக்குத் தாராளம், வெறும் 40 என்று எழுதியது காலையில் பாகு மாதிரி நிற்கும்.

சாவியைத் திருப்பும்போது கிளச்சை முழுவதும் மிதியுங்கள், கியர் பெட்டிக்குள் தடித்துக் கிடக்கும் ஒயிலையும் பாவம் அந்த ஸ்டார்ட்டர் ஏன் சுற்ற வேண்டும்? பத்து, பதினைந்து செக்கன், பிறகு ஒரு நிமிடம் ஓய்வு. பிடித்துக்கொண்டதும் சந்தோஷத்தில் அக்சிலேட்டரைக் கொடுக்காதீர்கள், ஒயில் மேலே ஏற நேரம் வேண்டும். மூன்று, நாலு நிமிடம் நடுத்தரமாக ஓடவிட்டு மெதுவாக வேலைக்கு இறங்குங்கள்.

லேண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லுக் கை டிராக்டர்) வைத்திருப்பவர்கள் கைபிடியால் சுற்றுமுன், காற்றின் அழுத்தத்தை விடுவிக்கும் டிகொம்ப்ரஷன் லீவரைத் தூக்கிக்கொண்டு நாலைந்து தரம் சும்மா சுற்றினால் ஒயில் பரவும். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், திருப்பி அடித்தால் பெருவிரல்தான் முதலில் போகும்.

கமநல சேவை நிலையங்களில் உருளைக்கிழங்குக்கும் பசளைக்கும் கூட்டம் வைக்கிறார்கள். மார்கழியில் ஒரே ஒரு நாள், ஒரு பழைய டிராக்டரை முற்றத்தில் நிறுத்தி, இதையெல்லாம் தமிழிலும் காட்டிக் கொடுத்தால் என்ன? உங்கள் பத்திரிகை கேட்டால் காது கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எழுதி முடிக்க இரவு ஒன்பதாகிவிட்டது. வெளியே மேகமே இல்லை, நட்சத்திரமாகக் கொட்டிக் கிடக்கிறது. இப்படித் தெளிந்த இரவில்தான் நிலத்துச் சூடெல்லாம் வானத்துக்குப் போய்ப் புல் உறையும், வெறும் கூரையோ படங்கோ மேலே இருந்தால்கூட வண்டி கொஞ்சம் தப்பும். என் படங்கு இன்னும் திண்ணையில் கிடக்கிறது, போய்ப் போர்த்திவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
கந்தப்பளையிலிருந்து ஒரு டிராக்டர் சாரதி