நிக்கலில் ஒரு தாமரை இலை

சிங்கப்பூர், ஜூரோங் வெஸ்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? இங்கே வீவக என்ற அரசாங்க அடுக்குமாடி வீட்டில் நாலு பேராகத் தங்கியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தைக்குப் போனால் முருங்கைக்கீரைகூடக் கிடைக்கிறது, கவலை வேண்டாம்.

ஆய்வகத்தில் அப்படி என்ன வேலை என்று போனில் கேட்டீர்கள். தாமரை இலைக்கு நிக்கலில் நகல் எடுக்கிறேன் அப்பா. இலையின் மேல் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு மேடுகள், அவற்றின் மேல் அதைவிட நுண்ணிய மெழுகு. இரண்டும் சேர்ந்துதான் தண்ணீரை உருட்டிவிடுகின்றன. 1997இல் இதை விளக்கியவர்கள் பார்ட்லாட், நைன்ஹூயிஸ் என்ற ஜெர்மானியர்கள். இலை இரண்டு நாளில் வாடிவிடும். நிக்கல் நகலை வைத்து பிளாஸ்டிக்கில் திரும்பத் திரும்ப அச்சு குத்தலாம்.

நிக்கலை மின்சாரம் பாய்ச்சித்தான் படியவைக்கிறோம். அதனால் மின்சாரம் பாயட்டும் என்று முதலில் இலை மேலேயே தங்கம் பூசப் பார்த்தேன். அதற்குக் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்க வேண்டும். இலையிலிருந்த ஈரமெல்லாம் போய்ச் சுருங்கிவிட்டது. மூன்று வாரம் வீண். ரொம்ப வருத்தமாக இருந்தது. அப்புறம் நம் சுவாமிமலைப் பட்டறை நினைவுக்கு வந்தது. மெழுகுச் சிலை மேல் காவிரி வண்டலை முதலில் குழைவாகப் பூசுவீர்களே, நகக்கண்கூட மண்ணில் பதியும் என்பீர்களே! அதே மாதிரி, பல் மருத்துவர் அச்சு எடுக்கும் சிலிக்கோன் ரப்பரில் நீர்த்த வகையை முதலில் பூசி, மேலே கெட்டியானதை வைத்தேன். சில நிமிடத்தில் இறுகியது. உரித்தால் ஒவ்வொரு மேடும் குழியாகப் பதிந்திருந்தது!

சிலிக்கோனிலும் மின்சாரம் பாயாது. அதனால் அதன் மேல் தங்கத்தை மெல்லியதாகப் படியவைத்து, 50 டிகிரிச் சூட்டில் பச்சை நிற நிக்கல் கரைசலில் தொங்கவிடுகிறோம். மின்சாரத்தைக் கூட்டினால் உலோகம் இழுத்துக்கொண்டு வளையும். மெல்ல விட்டால் மணிக்கு 12 மைக்ரான்தான் சேரும் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கால் மில்லிமீட்டருக்கு 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பஞ்சலோகம் ஆறும்வரை நீங்கள் காத்திருப்பது போலத்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நகலில் தண்ணீர் உருளவில்லை, பரவிவிட்டது. வடிவம் வந்தாலும் மெழுகின் குணம் உலோகத்துக்கு இல்லையே. தண்ணீர் ஒட்டாத பூச்சு ஒன்றை ஏற்றினோம். சொட்டு உருண்டு ஓடியது. அந்த நேரம் நீங்கள் பக்கத்தில் இருந்திருக்கலாம்.

அடுத்து சிள்வண்டின் சிறகு. அதன் முட்கள் இன்னும் பொடி. முதல் பூச்சுக்கு வண்டலை எத்தனை முறை வடிகட்டுவீர்கள், நிழலில் எவ்வளவு நேரம் காயவிடுவீர்கள் என்று அடுத்த முறை பேசும்போது சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்