வெளிமாநில ஜீப்புக்கான வாழ்நாள் வரியை எழுத்தில் தெரிவிக்கக் கோரி மனு

அனுப்புநர்
சிறு தேயிலை விவசாயி,
தேவர்சோலை, கூடலூர் வட்டம்,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
உதகமண்டலம்.

பொருள்: கர்நாடகப் பதிவெண் கொண்ட பழைய ஜீப் – நீலகிரியில் மறுபதிவு – வாழ்நாள் வரித் தொகையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்தல், எல்லையில் தமிழில் விவரப் பலகை வைத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டுக்கு பஸ் நிற்குமிடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் மண் பாதை. ஆடி மழையில் அதில் ஜீப் தவிர வேறு வண்டி ஏறாது. அதனால் குண்டல்பேட்டையில் ஒருவரிடம் 2018-இல் பதிவான கே.ஏ. 10 ஜீப் ஒன்றைச் சொந்த உபயோகத்துக்கு வாங்கினேன். அவர் கடைக்காரரோ வியாபாரியோ இல்லை; தன் சொந்த வண்டியை விற்றவர்.

வாங்கிய பிறகுதான் குழப்பம் தொடங்கியது. மறுபதிவுக்கு உதவுவதாக வந்த புரோக்கர் ஒருவர், டீக்கடையில் உட்கார்ந்து சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதினார்: என்ட்ரி டாக்ஸ், ஜி.எஸ்.டி., ரோடு டாக்ஸ். மூன்றையும் கூட்டிக் கீழே கோடு போட்டார். ரசீது இல்லாமல் 12,000 ரூபாய் முன்பணமும் வாங்கிக்கொண்டார். அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

விசாரித்ததில், அந்த மூன்றில் இரண்டு எனக்குப் பொருந்தாதவை என்று தெரிந்தது. வெளிமாநில வண்டிகளுக்கு 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி இருந்த நுழைவு வரி, 01.07.2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோதே அதற்குள் அடங்கிவிட்டது. தனி ஆள் தன் பழைய வண்டியை இன்னொரு தனி ஆளுக்கு விற்றால் ஜி.எஸ்.டி. இல்லை, பழைய வண்டி வாங்கி விற்கும் பதிவு பெற்ற வியாபாரிதான் தன் லாபத்தின்மேல் அதைக் கட்ட வேண்டும். எனக்கு மிஞ்சுவது, புரோக்கர் ரோடு டாக்ஸ் என்று எழுதிய வாழ்நாள் வரி ஒன்றுதான். அதைக் கட்ட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. நம்ம ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு நம்ம ஊரில் வரி கட்டுவதுதான் நியாயம்.

ஆனால் எவ்வளவு என்று உறுதியாகத் தெரியவில்லை. வண்டியின் வயதுக்கேற்ப வரி குறையும் என்கிறார்கள். ஆனால் வண்டியைப் புதிதாக வாங்கியபோது கொடுத்த முதல் பில், எனக்கு விற்றவரிடம் இல்லை. அந்த பில் இல்லாமல் எந்த விலையை வைத்துக் கணக்கிடுவார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள்.

வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றத் தேவையான தடையில்லாச் சான்றைப் படிவம் 28-இல் வாங்க, அது பதிவான சாம்ராஜ்நகருக்கு இரண்டு முறை போய் வந்தேன். இரண்டாம் முறை திரும்பும்போது இரவு ஒன்பது மணி தாண்டிவிட்டது. பந்திப்பூர் காட்டுச் சாலை காலை ஆறு மணிக்குத்தான் திறக்கும் என்பதால் அந்த ஜீப்பிலேயே படுத்திருந்தேன். (யானைக்காகப் போட்ட தடை, அதில் எனக்குக் குறையில்லை.) சான்றின் முத்திரை மழையில் சற்றே கலங்கியிருக்கிறது, எண் தெளிவாகத் தெரிகிறது.

முதல் உரிமையாளர் கர்நாடகத்தில் கட்டிய வாழ்நாள் வரியில் மீதிக் காலத்துக்கான தொகையைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் அதற்கு இங்கே பதிவான ஆர்.சி.யும் வரி ரசீதும் காட்ட வேண்டும். முதலில் இங்கே முழுத் தொகையும் கட்டினால்தான் அங்கே கேட்கவே முடியும். கொழுந்து விலை இருக்கிற நிலையில் எனக்கு இது பெரிய தொகை. வெளிமாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் மறுபதிவு கட்டாயம் என்பதால், தள்ளிப்போடவும் வழியில்லை.

ஆகவே, இந்த மனுவை வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு அனுப்பி, முதல் பில் இல்லாத என் வண்டிக்கு எந்த விலையின் மேல், வண்டியின் வயதுக்காக எத்தனை ஆண்டைக் கழித்துக்கொண்டு, எவ்வளவு வரி என்பதை எழுத்தில் தரச் செய்யுமாறு வேண்டுகிறேன். சட்டத்தில் இடமிருந்தால் இரண்டு தவணையாகக் கட்ட அனுமதிக்கவும். கர்நாடக எல்லையிலுள்ள கக்கநல்லா சோதனைச் சாவடியிலும் கூடலூர் வட்டாட்சியர் அலுவலகத்திலும், வெளிமாநில வண்டி வாங்குபவர் எந்த வரி கட்ட வேண்டும், எது வேண்டாம் என்று தமிழில் ஒரு பலகை வைத்தால் போதும். சிகரெட் அட்டைக் கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள்.

இணைப்பு: ஆர்.சி. நகல், தடையில்லாச் சான்று, விற்பனை ஒப்பந்தம், காப்பீட்டு நகல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
தேவர்சோலை